ஒரு மணிக்குள் ஒரு கூரை

1991இல், பதினேழு வயதில், வேலை தேடிக் கொழும்புக்கு இறங்கியவன் நான். அதற்குப் பிறகு வந்த தீபாவளிகளில் நான்கைந்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து மலைநாட்டில் இருக்கிற ஊரான தலவாக்கலைக்குப் பஸ்ஸில் ஏறிப் போயிருக்கிறேன். பெரும்பாலும் இரவு பஸ். ஆகவே அந்தப் பாதையை எனக்குக் கண்ணால் தெரியாது; வயிற்றால்தான் தெரியும். கித்துள்கல தாண்டியதும் வயிறு புரட்டத் தொடங்கும். கினிகத்தேனையில் பொலித்தீன் பை கைமாறும். வட்டவளையில் குளிர் ஜன்னல் இடுக்கால் நுழைந்து காதைப் பிடிக்கும். ஹட்டனில் விளக்கைப் போட்டுவிட்டு, பிளேன்டீ குடிக்கிறவர்கள் இறங்கலாம் என்பார் நடத்துனர். என் புவியியல் அவ்வளவுதான்.

2024இல் தீபாவளி ஒக்டோபர் 31, வியாழக்கிழமை. அந்த வாரத் திங்கட்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு நானும் மருமகனும் அதே பாதையில் சைக்கிளில் புறப்பட்டோம். அவன் என் அக்காவின் கடைசி மகன். வயது பத்தொன்பது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த காலத்தில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். யோசனை அவனுடையது. வயது ஐம்பதான நான் ஏன் சம்மதித்தேன் என்று மனைவி இன்றுவரை கேட்கிறாள்.

சைக்கிள் என் கைக்கு வந்த கதை நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். 2022இல் பெற்றோல் வரிசையில் ஓர் இரவும் ஒரு பகலும் நின்றேன். பிறகு கியூஆர் குறியீடு வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றார்கள். அந்த வாரமே ஒருவரிடம் பழைய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். அரசாங்கக் கடிதங்களில் அதற்குப் பெயர் துவிச்சக்கர வண்டி. அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஓர் ஏற்றமே ஏறிவிடலாம். நெருக்கடி தணிந்த பின் பலர் சைக்கிளைப் படிக்கட்டுக்குக் கீழே தள்ளினார்கள். நான் அச்சகத்துக்கு அதிலேயே போய்வந்து கொண்டிருந்தேன். அதனால் கால் தயாராக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொழும்பில் தினமும் எட்டுக் கிலோமீற்றர் ஓட்டுகிறவனுக்கு வரக்கூடிய தவறான நினைப்பு அது.

சைக்கிளில் செய்த மாற்றங்களில் உண்மையில் உதவியது ஒன்றே ஒன்று. வாங்கும்போது முன்னால் இருந்த மிகச் சிறிய பல்சக்கரத்தில் 28 பல், பின்னால் இருந்த மிகப் பெரியதிலும் 28 பல். மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் இரண்டு மீற்றரைச் சற்றுத் தாண்டும். நிமிடத்துக்கு அறுபது மிதி என்றால் மணிக்கு ஏழரைக் கிலோமீற்றர். கொழும்பில் பாலம் ஏற இது தாராளம். ஆனால் மூட்டையோடு முப்பது கிலோமீற்றர் ஏற்றத்துக்கு இந்த கியர் முழங்காலைத் தின்றுவிடும். பின்னால் 34 பல் உள்ள செட் ஒன்றைப் போடச் சொன்னேன். சங்கிலியில் கண்ணி சேர்க்க வேண்டியிருந்தது. அப்போது வேகம் மணிக்கு ஆறுக்கு இறங்கியது. "இதைவிட நடந்து போகலாமே" என்று சிரித்தார் கடைக்காரர். சிரிக்கட்டும். மூச்சு வாங்காமல் நாள் முழுக்க மிதிக்கக்கூடிய ஒரு கியர் கட்டாயம் வேண்டும். பயணத்துக்கு முன்பு காசு செலவழிப்பதானால் அதற்குச் செலவழியுங்கள். மெத்தென்ற இருக்கை உறையும் பளபளக்கும் தலைக்கவசமும் அதற்குப் பிறகு.

அதே கடையில் நான்கு ஜோடி பிரேக் கட்டையும் வாங்கினேன். மலிவு. இரண்டு வண்டிக்கும் போட்டது போக மிச்சமில்லை. பிரேக் கட்டைக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் களனி கங்கையோடு போனோம். எங்கள் வீட்டிலிருந்து சற்று வடக்கே, முகத்துவாரத்தில்தான் அது கடலில் விழுகிறது. கிராண்ட்பாஸ், ஒருகொடவத்தை, வெல்லம்பிட்டி, கடுவெல, ஹன்வெல்ல என்று தாழ்நில வீதியில் ஆற்றை இடப்பக்கம் வைத்துக்கொண்டு போகலாம். ஏற்றம் என்று சொல்ல எதுவுமில்லை. நாலரைக்குப் புறப்பட்டதால் கடுவெலவரை லொறித் தொல்லையும் இல்லை. மருமகன் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தான். கடுவெலயில் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஹன்வெல்லவில் தம்பிலி என்கிற செவ்விளநீர் குடிக்க நின்றபோது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் எதுவும் சொல்லவில்லை. அவிசாவளையில் அவனாகவே பையைக் கழற்றிப் பின்னால் கரியரில் கட்டினான். இளைஞர்களுக்கு அவிசாவளைவரை நேரம் கொடுக்க வேண்டும்.

அங்கிருந்து ஹட்டன் வீதி. கரவனெல்ல, யட்டியந்தோட்டை என்று இறப்பர் மரங்களுக்கு நடுவே மெல்ல மெல்ல உயரும். யட்டியந்தோட்டையில் ஒரு பேக்கரியில் கிம்புலா பணிஸ் ஆறு வாங்கினோம். சர்க்கரை தூவிய அந்த முதலை வடிவப் பணிஸ் நீண்ட தூரம் சைக்கிள் மிதிக்கிறவனுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்பது என் முடிவு. பசித்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்குப் போய்ச் சேர அரை மணி நேரமாகும், அதற்குள் கால் கோபித்துக்கொண்டுவிடும். ஆகவே முக்கால் மணிக்கொரு தடவை பசி இருக்கிறதோ இல்லையோ பாதிப் பணிஸ், ஒரு வாழைப்பழம். தண்ணீர்ப் போத்தல்களில் ஒன்றில் ஜீவனி கரைத்து வைத்திருந்தோம். மருந்துக் கடையில் வயிற்றோட்டத்துக்கு விற்கிற அதே பொடிதான். வேர்வையில் போகிற உப்பை அது திருப்பித் தரும். பன்னிரண்டரைக்குக் கித்துள்கல. ஏறக்குறைய தொண்ணூற்றைந்து கிலோமீற்றர். குளித்து, சோறு சாப்பிட்டு, விடுதித் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்தபோது மணி இரண்டே முக்கால். அப்போதுதான் மழை கொட்டத் தொடங்கியது.

நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டோம். உண்மையில் நல்ல நேரம், அவ்வளவுதான்.

ஐப்பசி மழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று செப்டெம்பரோடு ஓயும். வடகீழ் பருவக்காற்று டிசெம்பரில் தொடங்கும். நடுவில் ஒக்டோபரும் நவம்பரும் இடைப்பருவம். பழைய தமிழ்க் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். வேறு நாடுகளில் இந்த மாதங்களில் மரத்து இலை நிறம் மாறும். எங்கள் மலையில் நிறம் மாறுவது வானம், அதுவும் ஒரே நாளில் மூன்று தடவை. காலையில் கண் கூசும் வெயில். நிலம் சூடேற ஏற, ஈரக் காற்று மலைச்சரிவில் மேலே ஏறி முகிலாகத் திரளும். பிற்பகலில் இடி மின்னலோடு இறங்கும். புயல் வந்தால் கதை வேறு. சாதாரண நாளில் இதுதான் ஒழுங்கு. இதைப் பள்ளிக்கூடத்திலும் படித்தேன், பரீட்சையிலும் எழுதினேன். மறுநாள் காலை மறந்துவிட்டேன்.

"நாற்பது கிலோமீற்றர்தானே மாமா" என்றான் மருமகன். நேற்றுத் தொண்ணூற்றைந்து வந்தவர்களுக்கு இன்று நாற்பது ஒரு பொருட்டா? ஆற்றில் படகு விடுகிறவர்களைப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்து, எட்டரைக்குப் புறப்பட்டோம். அந்த நாற்பதுக்குள் ஆயிரம் மீற்றருக்கு மேல் உயர வேண்டும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஹட்டன் இருப்பது சுமார் 1,270 மீற்றர் உயரத்தில். கித்துள்கல ஆற்றங்கரைத் தாழ்நிலம். மலையில் கிலோமீற்றர் கணக்கு உதவாது. எத்தனை மீற்றர் ஏற வேண்டும் என்று பாருங்கள். எங்கள் மாதிரிக் கால்களுக்கு, ஓய்வும் தேநீரும் சேர்த்து, மணிக்கு முந்நூறு மீற்றர் உயரமே அதிகம். அந்தக் கணக்கில் அன்றைக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. எட்டரையோடு நான்கைக் கூட்டிப் பார்த்திருந்தாலே விடை தெரிந்திருக்கும்.

ஆனால் அந்த ஏற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன். முப்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு கடந்த வளைவுகளை மணிக்கு ஆறு கிலோமீற்றர் வேகத்தில் முதல் தடவை பார்த்தேன். ஒரு வளைவில் கற்பாறையில் மூங்கில் குழாய் செருகி வைத்திருந்தார்கள். பீலித் தண்ணீர். கையை நீட்டினால் முழங்கைவரை குளிர் ஏறியது. இறங்கி வந்த லொறி ஒன்றின் பிரேக் சூட்டில் தீய்ந்த இறப்பர் வாசம் எங்கள் மூக்கைத் தாண்டிப் போக ஒரு நிமிடம் எடுத்தது. பஸ்ஸில் வயிற்றைப் புரட்டியது வளைவுகள் அல்ல, அந்த வாசம்தானோ என்று அப்போது தோன்றியது. தூரத்தில் இருக்கும்போதே ஹோர்ன் அடிக்கிற பஸ்காரர்களை எல்லோரும் திட்டுவார்கள். சைக்கிளில் போகிறவனுக்கு அது உபகாரம். வளைவுக்கு முன்பே ஓரம் எடுக்கலாம். ஒரு பஸ் எங்களை ஒட்டிப் போகையில் மிதிபலகையில் தொங்கிய நடத்துனர், "அண்ணே, சைக்கிளைத் தூக்கி மேலே போடவா?" என்று கேட்டார். கேலியா அன்பா தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்து வந்து கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன்.

கினிகத்தேனைக்கு வந்தபோது பன்னிரண்டு மணி. சோறு, பருப்பு, கருவாடு. சாப்பிட்டு முடித்தபோது மேற்கே வானம் ஈயச் சட்டி நிறத்தில் இருந்தது. அங்கேயே தங்கியிருக்க வேண்டும். "இன்னும் பாதிதானே" என்று புறப்பட்டோம். இந்தத் தடவை அதைச் சொன்னவன் நான்.

வட்டவளைப் பக்கத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் தன் பங்கை அன்றைக்கே தந்துவிட வேண்டும் என்பது போல ஒன்றரைக்குத் தொடங்கியது. மழைச்சட்டை பத்து நிமிடம் தாங்கியது. பிறகு உள்ளே வேர்வை, வெளியே மழை, இரண்டுக்கும் வித்தியாசமில்லை. மின்னல் பக்கத்து மேட்டில் இறங்கிய சத்தத்தில் மருமகன் சைக்கிளைப் போட்டுவிட்டான். தகரக் கூரை போட்ட ஒரு பஸ் தரிப்பிடம் கிடைத்தது. ஏற்கனவே உள்ளே ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். இடுப்பில் படங்குத் துணி, தலையில் பொலித்தீன், பக்கத்தில் கொழுந்துக் கூடை. அவர்களில் மூத்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கிருந்து வருகிறீர்கள் தம்பி?"

"கொழும்பிலிருந்து அக்கா."

"சைக்கிளிலா? ஐப்பசி மாதத்தில் ஒரு மணிக்குப் பிறகு யாராவது மலை ஏறுவார்களா? நாங்களே இறங்கி வந்துவிட்டோம்."

எனக்குப் பதில் இல்லை. தோட்டத்தில் பிறந்தவன் நானும் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு பெண், வெளியே பார்த்தபடி, மீரியபெத்தை போய் இன்றைக்குப் பத்து வருஷம் என்றார். அன்றைக்கு ஒக்டோபர் 29. 2014இல் இதே நாள் காலையில்தான் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மலை சரிந்து லயங்களை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியது. அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மருமகனின் கணுக்காலில் அட்டை ஏறியிருந்ததை ஒரு பெண்தான் காட்டினார். பிய்த்து இழுக்கப் போனவனைத் தடுத்து, வெற்றிலைச் சுருளிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு தொட்டு வைத்தார். தானாகச் சுருண்டு விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு துண்டுச் சவர்க்காரத்தை எப்போதும் காற்சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். காலுறை விளிம்பில் தேய்த்துவிட்டால் அட்டை ஏறத் தயங்கும்.

நான்கு மணிக்கு மழை தூறலாகியது. அதற்குள் உடம்பு நடுங்கத் தொடங்கிவிட்டது. நனைந்த சட்டையோடு ஒரே இடத்தில் நின்றதுதான் காரணம். ஏறும்போது குளிர் தெரியாது, நின்றால்தான் பிடிக்கும். மாற்றுப் பனியன் பையின் அடியில், ஈரமாக. பைக்குள் உரப்பை ஒன்றை விரித்து அதற்குள் துணியை வைத்து முறுக்கிக் கட்டினால் ஒரு சொட்டு நீர் புகாது. விற்கிற பைகளில் எழுதியிருக்கிற "நீர் புகாது" என்பதை நம்பாதீர்கள். மிச்ச வழியில் பாதியை உருட்டிக்கொண்டே போனோம். மூடுபனியில் பின்விளக்கைச் சிமிட்டவிட்டு, ஹட்டன் நகரத்து வெளிச்சத்தைக் கண்டபோது ஆறே முக்கால். பத்தேகால் மணி நேரம், நாற்பது கிலோமீற்றர்.

மறுநாள் ஆறு மணிக்கே புறப்பட்டுவிட்டோம் என்று சொல்லத் தேவையில்லை. டெவன் நீர்வீழ்ச்சியும் சென் கிளயர் நீர்வீழ்ச்சியும் ஐப்பசித் தண்ணீரில் நிறைந்து விழுந்தன. படம் எடுத்தோம், நகர்ந்தோம். கினிகத்தேனைப் பக்கம் எங்கோ ஒரு மலைமுதுகைக் கடந்திருக்கிறோம். இந்தப் பக்கத்து ஓடைகள் களனியை மறந்துவிட்டு மகாவலியைத் தேடிப் போகின்றன. பத்தரைக்கு அக்கா வீட்டு வாசல்.

அக்கா எங்களைப் பார்த்து முதலில் அழுதார், பிறகு திட்டினார், பிறகு தேநீர் ஊற்றினார். தீபாவளி முற்பணம் வந்திருந்ததால் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கவில்லை. நான் பஸ் தரிப்பிடத்துப் பெண் சொன்னதைச் சொன்னேன். இதற்கு யாராவது சொல்ல வேண்டுமா என்பது போல, மாவுக் கையால் வெளியே காட்டினார். எதிரே கிரேட் வெஸ்டர்ன் மலை. "பதினொரு மணிக்கே முகில் அதன் முதுகில் வந்து உட்கார்ந்தால் ஒரு மணிக்கு மழை. உட்காரவில்லை என்றால் மூன்று மணிவரை துணி காயும்." நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். தொலைபேசியில் வானிலை பார்த்துக்கொண்டிருந்த மருமகன் அதை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டான். அங்கே இருந்த மூன்று நாளில் இரண்டு நாள் அக்கா சொன்னபடியே நடந்தது. மூன்றாம் நாள் நடக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

புறப்படும்போது பழைய படங்குத் துண்டு ஒன்றை வெட்டி இரண்டு மூட்டைகளுக்கும் மேலே கட்டித் தந்தார். ஒரு பை நிறைய முறுக்கும் தந்தார். அதை என் பையின் அடியில் வைத்தேன்.

நவம்பர் 2ஆம் திகதி நுவரெலியா. லிந்துலை, நானுஓயா வழி. தூரம் குறைவு என்பதால் ரதல்லக் குறுக்குப் பாதையில் போவோமா என்று மருமகன் கேட்டான். 2023 ஜனவரியில் அங்கே நடந்த பஸ் விபத்தை நினைவுபடுத்தினேன். செங்குத்தும் ஒடுக்கமும். பெரிய வீதியிலேயே போனோம். நுவரெலியா 1,868 மீற்றர். நூறு மீற்றர் ஏறினால் அரைப் பாகைக்குச் சற்று மேல் குளிரும் என்பார்கள். கொழும்பில் 28 பாகை வெயிலில் புறப்பட்டவன் இங்கே பல் கிட்டினேன். பதினொன்றரைக்கே அறை எடுத்துவிட்டோம். மழை ஒன்றே முக்காலுக்கு வந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து அதைப் பார்ப்பதில் ஒரு சுகம்.

மறுநாள் இறக்கம். நுவரெலியாவிலிருந்து சீத்தா எலிய, ஹக்கலை, வெலிமடை. முந்தைய நாட்களெல்லாம் ஏற்றத்தைப் பற்றியே கவலைப்பட்ட இரண்டு முட்டாள்களுக்கு அது பரிசு என்று தோன்றியது. என் தொழிலால் கிடைத்த ஒரு வித்தை இருந்தது. அச்சகத்துக் கழிவுத் தாளை நான்காக மடித்து, சட்டைக்கும் பனியனுக்கும் நடுவே நெஞ்சில் வைத்துக்கொண்டோம். செய்தித்தாள் காற்றை அப்படித் தடுக்கும், இறங்கி முடிந்ததும் எறிந்துவிடலாம். நெஞ்சு சூடாகத்தான் இருந்தது. விரல்கள்தான் விறைத்துவிட்டன. விறைத்த விரலுக்குப் பிரேக் பிடியின் அழுத்தம் தெரியாது. கையுறையைக் கொழும்பில் அலுமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்தேன்.

இரவு மழையில் வீதி ஈரம். யூக்கலிப்டஸ் இலைகளும் மணலும் வளைவுகளில் ஒதுங்கிக் கிடந்தன. ஹக்கலைக்குக் கீழே ஒரு நீண்ட சரிவில் முன்னால் போன மருமகனின் வண்டியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தகரத்தை அரத்தால் ராவுவது போல. "மாமா, பின் பிரேக் இல்லை!" என்று கத்தினான். அதில் பயத்தைவிட ஆச்சரியம் அதிகம். அடுத்த வளைவுக்கு நூறு மீற்றர்கூட இல்லை. எதிரே ஒரு மரக்கறி லொறி மெதுவாக ஏறி வந்துகொண்டிருந்தது. அவன் முன் பிரேக்கை மட்டும் விட்டு விட்டுப் பிடித்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, மலைப் பக்கமாக ஒதுங்கி வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் இறக்கினான். பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பாமல் மலைப் பக்கம் திருப்பினானே, அதை இப்போது நினைத்தாலும் கை குளிர்கிறது. கானில் சேறும் புல்லும் இருந்ததால் முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அம்புலன்ஸ் இலக்கமான 1990ஐ அழுத்தத் தொலைபேசியை எடுத்தவன் நான். "வேண்டாம் மாமா, முதலில் என்னைத் தூக்குங்கள்" என்றான்.

கழற்றிப் பார்த்தோம். புதிய பிரேக் கட்டை. ஐந்து நாள் ஓட்டம். ஒரு பக்கத்தில் இறப்பரே இல்லை. உள்ளே இருந்த உலோகம் சக்கர விளிம்பில் உராய்ந்து வெள்ளிக் கோடு போட்டிருந்தது. மிச்சமிருந்த இறப்பரை நகத்தால் கீறினால் அழிறப்பர் மாதிரித் துகளாக வந்தது. ஈர மணல் அதைச் சாணை பிடித்திருக்கிறது. கடையின் குற்றம் பாதி, என் குற்றம் பாதி. காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது இல்லை. இரண்டு ஜோடி கூடுதலாகக் கொண்டு போக வேண்டியது என் பொறுப்பு. வெலிமடையில் ஒரு சிறிய கடையில் நல்லது கிடைத்தது. அதுவரை உருட்டிக்கொண்டே போனோம், கடைசி ஏழெட்டுக் கிலோமீற்றர் ஒரு மரக்கறி வண்டியில்.

இறங்கும் விதத்திலும் தவறு இருந்தது. அவன் சரிவு முழுக்கப் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே வந்திருக்கிறான். பயந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், நானும் செய்தேன். அப்படிச் செய்தால் கட்டை தேயும், சக்கர விளிம்பு சூடாகும், காய்ந்த நாளில் டியூப்கூட வெடிக்கலாம். வளைவுக்கு முன்பு நேர்ப்பகுதியில் இரண்டையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிடியைத் தளர்த்த வேண்டும். ஈரத்தில் முதல் பிடியில் பிரேக் பிடிக்காது. விளிம்பிலிருக்கிற நீரைத் துடைக்கவே சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும், அந்தத் தூரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று கட்டையைப் பார்க்கிற பழக்கம் அன்றைக்குத்தான் எங்களுக்கு வந்தது. நீண்ட ஏற்றத்தில் யாரும் விழுந்து சாவதில்லை.

அன்று பண்டாரவளையைக் கடந்து ஹப்புத்தளைக்குப் போய்ச் சேர மாலை நான்கு. ஒரு மணிக்குள் ஒரு கூரை என்ற விதியை மீறினோம், ஆனால் மழை எங்களை மீறவில்லை. அன்றைக்கு அது தாமதமாக, இரவு எட்டுக்குத்தான் தொடங்கியது. தொடங்கியது நிற்கவில்லை.

திட்டப்படி அங்கிருந்து பெரகலைக்கு இறங்கி, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக இரண்டு நாளில் கொழும்பு. பயணம் முழுவதற்கும் மருமகன் மிகவும் ஆசைப்பட்ட இறக்கம் அதுதான். விடிந்து ஆறு மணிக்கும் மழை அதே சுருதியில் பெய்துகொண்டிருந்தது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. பிற்பகல் மழை வழக்கம், இரவெல்லாம் பெய்து காலையிலும் பெய்கிற மழை வழக்கமில்லை. மண் குடித்து முடித்த பிறகுதான் சரிவு நகரும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவு எச்சரிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிற அடையாளங்கள் உண்டு: நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரமும் கம்பமும், திடீரெனக் கலங்கி வருகிற அல்லது திடீரென நிற்கிற ஊற்று. ஐப்பசியில் மலைக்குப் போகிறவர்கள் இவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் தொலைபேசியில் பதிந்து வைக்கலாம். விடுதிக்காரரிடம் கேட்டேன். "இறங்குகிற பாதையில் காலையில் கல் விழுந்ததாம்" என்றார். பெரிய கல்லா, சிறிய கல்லா என்று கேட்டான் மருமகன். அவர் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

ரயிலில் போவோம் என்றேன். அவன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். ஹப்புத்தளை நிலையத்தில் சைக்கிள்களைப் பொதியாகப் பதிந்து, கைப்பிடியில் அட்டை கட்டி, பொடி மெனிக்கே ரயிலில் ஏற்றினோம். பட்டிப்பொலவில், 1,891 மீற்றரில், இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையத்தில் வெளியே வெண்மையைத் தவிர எதுவும் தெரியவில்லை. நானுஓயாவரை அவன் என்னோடு பேசவில்லை. ஹட்டன் தாண்டி வட்டவளைப் பக்கம் ரயில் இறங்கும்போது கண்ணாடியில் மழை சாய்ந்து அடித்தது. ஜன்னலில் முகத்தை வைத்து எதையோ தேடினான்.

"அந்தத் தகரக் கூரை தெரிகிறதா பார்க்கிறேன் மாமா."

தெரியவில்லை. வீதி வேறு பக்கம் போய்விட்டது.

இரவு எட்டரை அளவில் கோட்டையில் இறங்கி, சைக்கிள்களை வாங்கிக்கொண்டு, செட்டியார் தெரு வழியாகக் கொட்டாஞ்சேனைக்கு மிதித்தோம். சின்னக் கியரை விட்டு மாற்றவே மனம் வரவில்லை. வீட்டில் படங்கை அவிழ்த்து மூட்டையைப் பிரித்தபோது அடியிலிருந்து முறுக்குப் பை வந்தது. காற்றடிக்கிற பம்பும் சாவிகளும் மூன்று நாள் அதன் மேல் உட்கார்ந்து வந்திருக்கின்றன. மனைவி பையைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள்.

"அண்ணி என்ன, மாவு கொடுத்து அனுப்பினார்களா?"

மருமகன் ஒரு கரண்டி எடுத்து வந்தான்.